கரண்ட் கோட்டிலிருந்து தொடங்குங்கள்: சி.இ.-எம்.எஸ். கருவியில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மெல்லிய குழாய்க்குள் மின்புலத்தால் பொருள்களைப் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரிசிஸை (சி.இ.), அயனிகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு (எம்.எஸ்.) இணைத்து ஓட்டும் ஆய்வகங்களில் அடிக்கடி நடப்பது இது. பீக், அதாவது பொருள் வந்ததைக் காட்டும் மேடு, வரவில்லை என்றதும் எல்லோரும் மாஸ் பக்கம் போய் நின்றுவிடுவார்கள். சோர்ஸைக் கழற்றிக் கழுவுவது, ட்யூன் போடுவது, காலிப்ரேஷன் பார்ப்பது என்று அரை நாள் ஓடிவிடும். கேப்பிலரி வழியே ஓடும் கரண்ட் நேரத்தோடு எப்படி மாறியது என்று சி.இ. மென்பொருள் தானாகவே பதிவு செய்து வைத்திருக்கும் கரண்ட் கோட்டை முதலில் திறந்து பார்த்திருந்தால், கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்பதாவது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சாதாரண சி.இ.யில் கேப்பிலரியின் இரண்டு முனைகளும் பஃபர் வயல்களில் (சிறு குப்பிகளில்) மூழ்கியிருக்கும். மாஸோடு இணைத்தால் வெளிமுனையில் வயல் கிடையாது. அங்கே இருப்பது ஸ்ப்ரேயர் ஊசி, அதற்குள் கேப்பிலரியைச் சுற்றி ஓடும் ஷீத் லிக்விட், அதற்கும் வெளியே திரவத்தைத் துளியாக்க உதவும் நெபுலைசர் வாயு. மின்சுற்று முடிவது அங்கேதான். திரவம் துளியாகச் சிதறுவதும் அயனிகள் பிறப்பதும் அங்கேதான். 1987-இல் அமெரிக்காவின் ரிச்லேண்டில் இருக்கும் பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் குழு இந்த இணைப்பை முதலில் செய்துகாட்டியபோது, கேப்பிலரி நுனியில் உலோகத்தைப் பொருத்தி மின்தொடர்பு எடுத்தார்கள். அடுத்த ஆண்டே அதை விட்டுவிட்டு ஷீத் லிக்விடுக்கு மாறினார்கள். அந்த நுனியில் தொடர்பைச் சீராக வைத்திருப்பது அன்றும் பெரிய வேலை, இன்றும் பெரிய வேலை.

கீழே வரும் எண்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புக்கானவை. ஜப்பானின் சுருவோகா நகரில் உள்ள கெய்யோ பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் தோமோயோஷி சோகா குழு பரவலாக்கிய கேட்டயான் (நேர்மின் அயனி) முறை அது. 2003-இல் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் சாற்றில் 1,692 வளர்சிதைப் பொருள்களை அலசியதாக அவர்கள் வெளியிட்ட பிறகு இந்த முறை உலகெங்கும் போனது. 50 மைக்ரோமீட்டர் துளையுள்ள பூச்சில்லாத சிலிக்கா கேப்பிலரி, சுமார் 1 மீட்டர் நீளம், 1 மோலார் ஃபார்மிக் அமிலம், உள்முனையில் நேர் 30 கிலோவோல்ட். ஷீத் லிக்விட் பாதிக்குப் பாதி மெத்தனாலும் தண்ணீரும். உங்கள் அமைப்பு வேறாக இருந்தால் எண்கள் மாறும், சோதிக்கும் வரிசை மாறாது (ஷீத் லிக்விட் இல்லாத அமைப்பு மட்டும் விதிவிலக்கு, அது கடைசியில் வருகிறது).

முதலில் நான்கு எண்கள்

கோளாறு வந்த பிறகு கணக்குப் போட உட்காராதீர்கள். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டி வைத்துவிடுங்கள்.

இந்தக் கேப்பிலரிக்குள் மொத்தமாக அடங்குவது சுமார் 2 மைக்ரோலிட்டர். 1 பார் அழுத்தம் கொடுத்தால் அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மைக்ரோலிட்டர் ஓடும். 50 மில்லிபாரில் 10 வினாடி இன்ஜெக்ட் செய்தால் உள்ளே போவது 8 முதல் 9 நானோலிட்டர். 30 கிலோவோல்ட் கொடுத்தால் கரண்ட் 30 மைக்ரோஆம்பியரை ஒட்டி நிற்கும். ஓட்டம் துளை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு நூல் அழுக்கு துளையைப் பாதியாக்கினால், அந்த இடத்தின் தடை 16 மடங்காகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில கருவிகளில் ஸ்ப்ரேயர் பூமியோடு இணைந்திருக்கும், மாஸின் நுழைவாயிலில்தான் ஸ்ப்ரே வோல்டேஜ் இருக்கும். வேறு சிலவற்றில் ஸ்ப்ரேயர் ஊசியிலேயே 4 கிலோவோல்ட் வரை நிற்கும். இரண்டாவது வகையில் கேப்பிலரிக்குக் கிடைப்பது 30 அல்ல, 26 கிலோவோல்ட். வேறொரு கருவியின் நேரங்களோடு உங்கள் நேரங்களை ஒப்பிட்டுக் குழம்புவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். எந்த வகையாக இருந்தாலும் ஸ்ப்ரேயரைத் தொடும் முன் சி.இ. வோல்டேஜ், ஸ்ப்ரே வோல்டேஜ் இரண்டையும் அணையுங்கள். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறப்பதுதான் ஆபத்து.

கரண்டே இல்லை

திரையில் 30 கிலோவோல்ட் காட்டுகிறது, கரண்ட் சுழியத்தில் கிடக்கிறது என்றால் மாஸை மறந்துவிடுங்கள். சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. உள்முனை, கேப்பிலரியின் நடு, வெளிமுனை என்று மூன்றே இடங்கள்தான்.

உள்முனையைக் கண்ணால் பாருங்கள். வயலில் பஃபர் போதுமான உயரத்துக்கு இருக்கிறதா, எலக்ட்ரோடும் கேப்பிலரி நுனியும் இரண்டுமே திரவத்துக்குள் இறங்குகின்றனவா? வயல் தட்டு ஏறி இறங்கும்போது நுனி மூடியில் இடித்து உடைவது சர்வசாதாரணம். எலக்ட்ரோடின் மேல் வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள்.

அடுத்து கேப்பிலரி. எல்லா வோல்டேஜையும் அணைத்துவிட்டு ஷீத் லிக்விடையும் நெபுலைசரையும் நிறுத்துங்கள். ஸ்ப்ரேயரைச் சோர்ஸிலிருந்து வெளியே எடுத்து, நுனி கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். தூசு விடாத காகிதத்தால் நுனியை ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டு, பஃபர் வயலிலிருந்து 1 பார் அழுத்தம் கொடுங்கள். 10 மடங்கு லென்ஸ் வழியாகப் பார்த்தால் முதல் சில வினாடிகளில் நுனி ஈரமாகி மினுங்கும். அப்புறம் ஊசியின் வாய் முழுவதும் நனைந்து, ஒரு நிமிடத்தில் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டத்தில் ஒரு துளி தொங்கும். அதுதான் உங்கள் 1 மைக்ரோலிட்டர். துளி இந்த அளவுக்கு வந்துவிட்டால் கேப்பிலரி திறந்திருக்கிறது. நுனி ஈரமாகிறது, ஆனால் இரண்டு மூன்று நிமிடமாகியும் துளி சேரவில்லை என்றால் பாதி அடைப்பு. எதுவுமே வரவில்லை என்றால் முழு அடைப்பு, அல்லது ஸ்ப்ரேயருக்குள்ளேயோ கேசட்டுக்குள்ளேயோ (கேப்பிலரியைச் சுருட்டி வைத்திருக்கும் பெட்டி) முறிவு.

அடைப்பு என்றால் முதலில் வெளிமுனையில் 1 சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஷீத் லிக்விட் நின்ற பிறகு நுனி காய்ந்து உப்பு படிந்திருக்கும், அல்லது கேப்பிலரியின் பாலிஇமைடு உறை கரைப்பானில் ஊறிப் பெருத்துத் துளையை மறைத்திருக்கும். அசிட்டோநைட்ரைலோடு இது குறிப்பாக மோசம். அதனால்தான் அனுபவசாலிகள் புதுக் கேப்பிலரியைப் பொருத்தும் முன் நுனியில் 1, 2 மில்லிமீட்டர் உறையைச் சுடரில் காட்டி எரித்து, ஆல்கஹாலில் துடைத்துவிடுகிறார்கள். சுடரில் அதிக நேரம் வைத்தால் சிலிக்கா நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உறை கருகியதும் எடுத்துவிடுங்கள். வெளிமுனையை வெட்டியும் சரியாகவில்லை என்றால் உள்முனை, அதுவும் உதவவில்லை என்றால் புதுக் கேப்பிலரி. அடைபட்ட கேப்பிலரியோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டுவது தேவையே இல்லாத வேலை. அதன் விலையை விட உங்கள் சாம்பிளும் நேரமும் பெரியவை.

துளி நன்றாக வருகிறது, கரண்ட் மட்டும் இல்லை என்றால் மிச்சமிருப்பது வெளிமுனை மின்தொடர்பு. ஷீத் லிக்விட் ஓடுகிறதா? பம்ப் நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டர் தள்ளுவதாகத் திரையில் இருக்கும். அதை நூறில் ஒரு பங்காகப் பிரித்து 5 மைக்ரோலிட்டர் மட்டும் ஸ்ப்ரேயருக்கு அனுப்பும் பிரிப்பான் அடைபட்டால் பம்புக்கு அது தெரியவே தெரியாது. ஸ்ப்ரேயரை வெளியே எடுத்து, எடை போட்ட சின்ன வயலில் 20 நிமிடம் சேகரித்து மறுபடி எடை போடுங்கள். பாதி மெத்தனால் கலவை 100 மைக்ரோலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். பாதிகூட இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

கரண்ட் வருகிறது, நடுவில் போய்விடுகிறது

இங்கே எப்போது போகிறது என்பதுதான் துப்பு.

வோல்டேஜ் ஏறிய முதல் சில வினாடிகளிலேயே அறுந்தால் இன்ஜெக்ஷனோடு காற்று உள்ளே போயிருக்கிறது. சாம்பிள் வயலுக்குள் வைக்கும் சின்னக் குழலின் அடியில் குமிழ் உட்கார்ந்திருக்கும், சாம்பிள் அதற்கு மேலே நிற்கும். நுனி இறங்குவது குமிழுக்குள். வயலைச் சுண்டிவிடுங்கள், இல்லை என்றால் சில வினாடிகள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள்.

முதலில் கரண்ட் கொஞ்சம் தாழ்ந்து தொடங்கி மெதுவாக ஏறி நிலைக்கிறதா? அது கோளாறே அல்ல. சாம்பிள் தண்ணீரில் கரைந்திருந்தால் அந்தச் சின்னப் பகுதிக்கு மின்கடத்தும் திறன் குறைவு. அது பரவி மறைய மறைய கரண்ட் தன் இடத்துக்கு வந்துவிடும். இன்ஜெக்ஷன் நடந்திருக்கிறது என்பதற்கே இது ஒரு நல்ல அடையாளம். வழக்கமாக இருக்கும் இந்தத் தாழ்வு ஒரு ஓட்டத்தில் மட்டும் இல்லை என்றால், அந்த ஓட்டத்தில் சாம்பிள் உள்ளே போனதா என்று சந்தேகப்படுங்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மெல்ல மெல்லச் சரிந்தால் வெப்பமும் குமிழும். பஃபரை அல்ட்ராசோனிக்கில் வைத்து வாயு நீக்கினீர்களா? வோல்டேஜைப் பாதியாக்கிப் பாருங்கள். கரண்டும் சரியாகப் பாதியாக வேண்டும். 30-க்கு 40 மைக்ரோஆம்பியரும் 15-க்கு 17-ம் காட்டினால் மேல் வோல்டேஜில் கேப்பிலரி சூடாகிறது என்று பொருள். பஃபரை நீர்க்கவோ வோல்டேஜைக் குறைக்கவோ வேண்டும்.

எதிர்பார்த்ததைவிடக் கரண்ட் கூடுதலாக, முள் முள்ளாகத் துள்ளினால் எங்கோ பொறி கசிகிறது. ஈரப்பதம் கூடிய ஊர்களில் மழைக்காலத்தில் கேசட்டுக்குள் ஈரம் படிந்தாலே 30 கிலோவோல்ட் வழி தேடிக்கொள்ளும். உள்முனைப் பகுதியைத் துடைத்து, உலர்த்தி, சிந்திய பஃபர் உப்பை அகற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்ப்ரேயரிலேயே உயர் வோல்டேஜ் நிற்கும் கருவிகளில் இன்னொன்றும் உண்டு. எலக்ட்ரோஸ்ப்ரே எடுத்துக்கொள்ளும் கரண்ட் 1 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. சி.இ. கொண்டுவந்து கொட்டுவதோ 30. அந்த உபரியை ஸ்ப்ரே பவர் சப்ளை உள்வாங்க முடியவில்லை என்றால் ஸ்ப்ரே வோல்டேஜ் தானாக ஏறிக்கொண்டே போகும், மாஸ் பிழை காட்டி நின்றுவிடும். உபரி கரண்ட் பூமிக்குப் போக ஒரு ரெசிஸ்டர் வழி இருக்க வேண்டும். அதை நீங்களே செய்யாதீர்கள், பொறியாளரை அழையுங்கள்.

கரண்ட் சரி, சிக்னல் இல்லை

இந்த நிலைமைக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். தெரிந்த நிறையுள்ள ஒரு பொருளைக் கொஞ்சமாக ஷீத் லிக்விடில் கலந்துவிடுங்கள். நிறையைத் திருத்திக்கொள்ளப் பயன்படும் ஹெக்சாகிஸ் டைஃப்ளுரோஎத்தாக்சி ஃபாஸ்ஃபசீன் நன்றாக உதவும், அதன் அயனி 622.0290-இல் நிற்கும். கேப்பிலரியில் என்ன நடந்தாலும் இது ஷீத் வழியாக வந்துகொண்டே இருக்கும். ஆக உங்களிடம் இரண்டு கோடுகள்: கரண்ட் கோடு சி.இ.யின் நலத்தைச் சொல்லும், 622 கோடு ஸ்ப்ரேயும் மாஸும் எப்படி என்று சொல்லும்.

கரண்ட் நேராக இருந்து 622 விழுந்திருந்தால் நுனியிலோ மாஸிலோ கோளாறு. இரண்டும் ஒரே நொடியில் விழுந்தால் ஷீத் லிக்விட் நின்றிருக்கிறது. அநேகமாகப் பம்புக்குள் குமிழ், அல்லது பாட்டில் காலி. இரண்டும் நேராக இருந்தும் பீக் இல்லை என்றால்தான் உண்மையான சி.இ. கேள்வி: பொருள் உள்ளே போகவில்லை, அல்லது நுனிக்கு வந்து சேரவில்லை.

அப்போது அமினோ அமில ஸ்டாண்டர்டை வோல்டேஜ் இல்லாமல் 1 பாரில் தொடர்ந்து தள்ளுங்கள். 2 நிமிடம் கழித்து அதன் அயனிகள் படியேறுவது போல எழுந்து நிலையாக நிற்க வேண்டும். நின்றால் பாதை முழுவதும் சரி. அப்புறம் துருவமுனை தலைகீழாக இருக்கிறதா, மாஸ் பதிவு சீக்கிரமே நின்றுவிடுகிறதா, சி.இ. தொடங்கும்போது மாஸுக்குப் போக வேண்டிய தொடக்கச் சமிக்ஞை போகிறதா என்று பாருங்கள். இந்த அமில பஃபரில் லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் முன்னால் வரும், கிளைசின், அலனின், வேலின் அப்புறம், அஸ்பார்ட்டிக் அமிலம் வெகு பின்னால். முன்வரிசை மட்டும் வந்து பின்வரிசை காணவில்லை என்றால் பதிவு நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ப்ரே துடிக்கிறது

622 கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் முதலில் ஷீத் லிக்விடை வாயு நீக்குங்கள். சரியாகவில்லையா, கேப்பிலரி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று லென்ஸில் பாருங்கள். ஊசியின் வாயைவிட்டு 0.1 மில்லிமீட்டர் வெளியே இருப்பது நல்லது. கேப்பிலரியின் வெளிவிட்டமே 0.36 மில்லிமீட்டர்தான். ஆக அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நீட்டினால் போதும். உள்ளே பதுங்கியிருந்தால் பிரிந்து வந்த பொருள்கள் ஷீத் லிக்விடில் மறுபடி கலந்து பீக் அகலமாகும். அதிகம் நீட்டினால் ஷீத் லிக்விட் நுனியை நனைக்காது, மின்தொடர்பு விட்டுவிட்டு வரும்.

வெட்டும் சதுரமாக இருக்க வேண்டும். பீங்கான் அல்லது வைரக் கத்தியால் லேசாக ஒரு கீறல், அப்புறம் நேராக இழுத்து முறிப்பது. அழுத்தி அறுத்தால் சில்லு தெறிக்கும். லென்ஸில் நுனி சாய்வாகத் தெரிந்தால் தயங்காமல் மறுபடி வெட்டுங்கள். சாய்ந்த நுனியில் ஸ்ப்ரே ஒரு பக்கமாகப் போகும், எவ்வளவு ட்யூன் செய்தாலும் திரும்பாது.

நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது

ஒரே பொருள் காலையில் ஒரு நேரத்திலும் மாலையில் வேறொரு நேரத்திலும் வருவது சி.இ.-எம்.எஸ்.ஸில் ஓயாத புகார். சாம்பிள் எண்ணிக்கை கூடக் கூட இதுதான் ஆய்வைக் கெடுக்கும், அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

எல்லாப் பீக்குகளும் சேர்ந்து நகர்கின்றனவா, சில மட்டுமா? சில மட்டும் என்றால் பஃபரின் பிஎச் அல்லது சாம்பிளின் உப்பு. எல்லாமும் என்றால் மூன்று சந்தேகங்கள்.

வெப்பநிலை முதலாவது. ஒரு டிகிரி கூடினால் திரவத்தின் பாகுத்தன்மை குறைந்து அயனியின் வேகம் சுமார் 2 சதவீதம் கூடும். கேசட்டுக்குள் இருக்கும் கேப்பிலரிக்குத்தான் குளிரூட்டல். கேசட்டிலிருந்து ஸ்ப்ரேயர் வரை போகும் பகுதி அறைக் காற்றில் தொங்குகிறது. ஏ.சி.யை இரவில் அணைக்கும் வழக்கம் இருந்தால் இரவு ஓட்டங்களும் பகல் ஓட்டங்களும் ஒத்துப்போகாது.

உயர வேறுபாடு அடுத்தது. பஃபர் வயலின் திரவ மட்டம் ஸ்ப்ரேயர் நுனியைவிட 10 சென்டிமீட்டர் மேலே இருந்தால் 10 மில்லிபார் அழுத்தம் எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும். தொட்டியில் குழாய் போட்டுத் தண்ணீர் இறக்குவது போலத்தான். நம் கேப்பிலரியில் இது 20 நிமிடத்தில் திரவத்தைச் சுமார் 10 சென்டிமீட்டர் நகர்த்திவிடும், அதாவது மொத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. நேரமும் நகரும், பீக்கும் அகலமாகும். சி.இ. கருவியின் மேசை உயரத்தை ஸ்ப்ரேயரின் உயரத்துக்குச் சரிசெய்து, திருகாணிகளைப் பூட்டிவிடுங்கள். யாராவது கருவியை நகர்த்திச் சுத்தம் செய்த மறுநாள் நேரம் மாறியிருந்தால் காரணம் இதுதான்.

மூன்றாவது நெபுலைசர். ஊசியின் வாயில் வாயு வேகமாகப் போகும்போது கேப்பிலரி நுனியில் உறிஞ்சல் உண்டாகும். வாயு அழுத்தம் சற்று மாறினாலும் நேரம் மாறும். இன்ஜெக்ஷன் நேரத்தில் நெபுலைசர் திறந்திருந்தால் நீங்கள் கணக்கிட்டதைவிட அதிகமாகச் சாம்பிள் உள்ளே வரும், வயல் மாற்றும் நொடியில் காற்றும் வரும். ஃப்ளஷ், இன்ஜெக்ஷன் இரண்டின் போதும் நெபுலைசரையும் ஸ்ப்ரே வோல்டேஜையும் அணைத்து, பிரிப்பு தொடங்கிய பிறகு திறக்கும்படி மெத்தடை எழுதுங்கள். இந்த ஒரு மாற்றமே பல ஆய்வகங்களில் பாதிப் புகாரை நீக்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிறிய நகர்வு மிஞ்சும். அதற்குக் கணக்கு வழி இருக்கிறது. மின்னூட்டமில்லாத ஒரு பொருளை, உதாரணமாகப் பாராசிட்டமாலை, ஒவ்வொரு சாம்பிளிலும் சேருங்கள். அது திரவத்தின் ஓட்டத்தோடு மட்டும் வரும். உங்கள் பொருளின் நேரத்தின் தலைகீழ் எண்ணிலிருந்து பாராசிட்டமால் நேரத்தின் தலைகீழ் எண்ணைக் கழித்து, கேப்பிலரி நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உண்மையில் கிடைத்த வோல்டேஜால் வகுத்தால் அந்தப் பொருளின் நகர்திறன் கிடைக்கும். நேரம் மாறினாலும் நகர்திறன் பெரிதாக மாறாது. அமில பஃபரில் இந்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் பாராசிட்டமால் மிகத் தாமதமாக வரும். அதுவரை காத்திருக்க முடியாதபோது மெத்தியோனின் சல்ஃபோன் போன்ற ஓர் உள் ஸ்டாண்டர்டை வைத்து ஒப்பு நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பீக்கின் உருவம் கெட்டிருக்கிறது

முக்கோணமாக, ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தால் சாம்பிள் அளவு அதிகம். சாம்பிளைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். உருவம் சரியானால் விஷயம் முடிந்தது. பொருளின் செறிவு பஃபரின் செறிவில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைப்பது பாதுகாப்பு.

எல்லாப் பீக்கும் அகலமாக இருந்தால் உப்பு. சிறுநீர், பிளாஸ்மா போன்ற சாம்பிள்களில் உப்பு மிகுதி என்பதால் சாம்பிள் பகுதியில் மின்புலம் குறைந்து பொருள்கள் குவியாமல் பரவும். தண்ணீரில் நீர்ப்பதுதான் முதல் மருந்து. உணர்திறன் போய்விடுமே என்று பயப்படாதீர்கள். உப்பு குறைந்து பீக் கூர்மையாவதால் உயரம் நீங்கள் நினைத்த அளவுக்குக் குறையாது.

புரதங்கள் வால் விட்டால் அவை சிலிக்காச் சுவரில் ஒட்டுகின்றன. பூச்சுள்ள கேப்பிலரிக்குப் போங்கள், வேறு குறுக்கு வழி இல்லை.

பீக் கட்டையாக, மூலை மூலையாகத் தெரிந்தால் அது சி.இ.யின் குற்றமே இல்லை. 4 வினாடி அகலமுள்ள பீக்குக்கு வினாடிக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்தால் நான்கே புள்ளிகள் கிடைக்கும். வினாடிக்கு மூன்று ஸ்பெக்ட்ரமாவது எடுங்கள்.

எங்கு பார்த்தாலும் சோடியம்

ஒரே இடைவெளியில் பீக்குகள் அணிவகுத்து நின்றால் இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். 67.987 என்றால் சோடியம் ஃபார்மேட் கொத்துகள். உங்கள் பொருளுக்குப் பக்கத்தில் 21.982 தள்ளி இன்னொரு பீக் இருந்தால் புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கிறது. 37.956 என்றால் பொட்டாசியம்.

சாம்பிளில் உப்பு இருந்தால் இவை குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், சோடியம் அயனி நுனிக்கு வரும்போது மட்டும் எழும். அந்த நேரத்தில் வரும் பொருள்களின் சிக்னல் அமுங்கும், அளவிடலுக்கு அவற்றை நம்பாதீர்கள். ஓட்டம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் மூலம் வேறு: கண்ணாடிப் பாட்டிலில் வைத்த ஷீத் லிக்விட், தரம் குறைந்த ஃபார்மிக் அமிலம், அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு ஃப்ளஷ். கேப்பிலரியைக் காரத்தால் கழுவ வேண்டியிருந்தால் ஸ்ப்ரேயரை மாஸிலிருந்து வெளியே எடுத்த பிறகே கழுவுங்கள். ஃபாஸ்பேட், போரேட் பஃபர்களை இந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ஆவியாகும் ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், அம்மோனியம் அசிட்டேட் ஆகியவையே இங்கே பஃபர்.

நெகட்டிவ் மோடில் மட்டும் கோளாறு

கேட்டயான்கள் அழகாக வந்து, ஆனயான்களுக்கு (எதிர்மின் அயனிகளுக்கு) மாற்றியதும் எல்லாம் பாழாகிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஸ்ப்ரே வோல்டேஜ் முதலில். நெகட்டிவ் மோடில் நுனியில் கொரோனா பொறி எளிதில் வரும். இருட்டில் பார்த்தால் நுனியில் நீல ஒளி தெரியும். வோல்டேஜைக் குறைத்து, ஷீத் லிக்விடில் மெத்தனாலுக்குப் பதில் ஐசோபுரோப்பனால் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஓட்டத்தின் திசை. உள்முனையை எதிர்மின்முனையாக்கி ஆனயான்களை மாஸ் நோக்கி ஓட்டும்போது, சுவரில் நேர்மின் பூச்சு இருந்தால்தான் திரவமும் மாஸ் நோக்கி ஓடும். பூச்சு தேய்ந்துவிட்டால் திரவம் பின்னோக்கி, வயலை நோக்கித் திரும்பும். வெளிமுனை வழியாக ஷீத் லிக்விடும் காற்றும் உள்ளே இழுபடும், கரண்ட் அறுந்துவிடும். அடிக்கடி கரண்ட் அறுகிறது, கேப்பிலரியோ திறந்துதான் இருக்கிறது என்றால் பூச்சின் ஆயுள் முடிந்தது.

மூன்றாவதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க உண்மையான துப்பறிதல் தேவைப்பட்டது. ஆனயான் முறையில் கேப்பிலரி வெளிமுனை அடிக்கடி அடைபட்டது, சிட்ரேட் போன்ற பொருள்களின் சிக்னல் படுமோசமாக இருந்தது. சோகா குழு காரணத்தை 2009-இல் வெளியிட்டது. இந்த அமைப்பில் ஸ்ப்ரேயர் ஊசி நேர்மின்முனையாகிறது. எவர்சில்வர் ஊசி மின்பகுப்பால் அரிக்கப்படுகிறது. அதிலிருந்து வரும் இரும்பு, ஆக்சைடாகி நுனியை அடைக்கிறது, கரைந்த இரும்பும் நிக்கலும் ஆனயான்களைப் பிடித்துக்கொண்டு அவற்றின் சிக்னலை விழுங்குகின்றன. ஊசியை பிளாட்டினத்துக்கு மாற்றியதும் இரண்டு கோளாறும் சேர்ந்தே போயின. ஆக உங்கள் நுனியைச் சுற்றிப் பழுப்பு நிறப் படிவு தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், ஊசி எதனால் ஆனது என்று கேளுங்கள். அம்மோனியம் அசிட்டேட் பஃபரையும் அன்றன்று புதிதாக வையுங்கள். பிஎச் 8.5-இல் அதிலிருந்து அம்மோனியா ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

ஷீத் லிக்விட் இல்லாத அமைப்பில்

மெஹ்தி மொய்னி 2007-இல் காட்டிய நுண்துளை நுனி முறையை ஒட்டிய கருவிகளில் ஷீத் லிக்விட் ஸ்ப்ரேயில் கலப்பதே இல்லை. அமிலத்தால் அரித்து மெலிதாக்கிய நுனிச் சுவர் வழியாகவே மின்தொடர்பு. அங்கே 622 கோடு கிடையாது, நுனியை வெட்டவும் முடியாது. எனவே சோதனை வரிசை மாறும். கரண்ட் இல்லை என்றால் முதலில் நுனியைச் சுற்றியுள்ள மின்கடத்தும் திரவப் பாதையை அழுத்தத்தால் ஃப்ளஷ் செய்யுங்கள், அங்கே ஒரு குமிழ் இருந்தாலே சுற்று அறுந்துவிடும். துளிச் சோதனையை அதே 1 பாரில் செய்யுங்கள், ஆனால் இந்தக் கேப்பிலரிகளின் துளை பெரும்பாலும் 30 மைக்ரோமீட்டர் என்பதால் ஓட்டம் நம் 50 மைக்ரோமீட்டர் கேப்பிலரியில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். துளி தொங்கக் காத்திராமல் நுனி நனைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்ப்ரே வோல்டேஜையும் மிகக் கீழேயிருந்து 100 வோல்ட் 100 வோல்ட்டாக ஏற்றுங்கள். நுனி ஒருமுறை காய்ந்து உப்பு படிந்தால் திரும்பக் கொண்டுவருவது கடினம். ஓட்டம் முடிந்ததும் தண்ணீரால் ஃப்ளஷ் செய்து இரண்டு முனைகளையும் தண்ணீரில் மூழ்கும்படி விட்டுவிட்டுப் போங்கள்.